உருகுவதும் ஐஸ் வைப்பதும்

கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவருக்கு நியமன ஆணையில் எழுதப்படாத பணி ஒன்று உண்டு. வாழ்த்துமடல் எழுதுவது. தாளாளருக்கு மணிவிழா வந்தாலும், பல்கலைக்கழகத்திலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தருளினாலும், வட்டாரப் பிரமுகர் ஆண்டுவிழாவுக்குத் தலைமை ஏற்றாலும், இயற்பியல் துறையையோ வணிகவியல் துறையையோ யாரும் தேடிப் போவதில்லை. 'ஐயா, நாலு வரி நல்லா எழுதிக் குடுங்க' என்று நம்மிடம்தான் வருவார்கள். நாலு வரி நாற்பது வரியாகும். சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் ஏறும். மேடையில் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கப்படும். பிறகு எந்த வீட்டின் எந்தப் பரணில் போய்ச் சேருகிறது என்பதை யாமறியோம். எந்தப் பதவிக்கு எந்த அடைமொழி என்கிற கணக்கு இத்தனை ஆண்டுகளில் கைவந்துவிட்டது. ஒன்றிய அளவில் 'செம்மல்', மாவட்ட அளவில் 'வள்ளல்', அதற்கு மேலே போனால் 'கடல்'.

இந்தத் தொழிலறிவு வகுப்பறையிலும் உதவும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. மொழிபெயர்ப்புத் தாளுக்கான பயிற்சி ஒன்றில் ஆங்கிலத் தொடர்வினைகள் சிலவற்றைக் கொடுத்திருந்தோம். ஒரு வினைச்சொல், அதன் பின்னே ஆன், ஓவர், அப் என்று ஒரு சிறுசொல்; இரண்டும் கூடும்போது இரண்டிலும் இல்லாத பொருள் பிறக்கும். ஆங்கிலம் கற்பவரை அழவைக்கும் 'ஃபிரேசல் வெர்ப்' இனம் இது. நாம் கொடுத்தவை யாவும் மிகையான அன்பையும் மிகையான வியப்பையும் குறிப்பவை: டோட் ஆன், ஃபான் ஓவர், கஷ் ஓவர், ட்ரூல் ஓவர், பட்டர் அப்.

மாணவர்கள் முதலில் கண்டுபிடித்தது நான்காவதை. 'ஜொள்ளு விடறதுங்க ஐயா' என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. வாயூறி எச்சில் வழிய ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஆங்கிலேயனும் நம் கடைசி வரிசையும் ஒரே உறுப்பைக் கொண்டு உணர்த்தியிருக்கிறார்கள். 'பட்டர் அப்' என்பதற்கு இந்தியில் அப்படியே 'மக்கன் லகானா' என்று வெண்ணெய் தடவுகிறார்கள். தமிழில் வெண்ணெய்க்கு அந்த மரியாதை இல்லை; 'வெண்ணெய்' என்று ஒருவரை விளித்தால் சண்டைதான் வரும். வெயில் நாட்டில் வெண்ணெய் யாருக்கு வேண்டும், நாம் ஐஸ் வைக்கிறோம்.

'ஃபான் ஓவர்' சற்று வேடிக்கையானது. எசமானைக் கண்ட நாய் மகிழ்ச்சியில் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவதைக் குறித்த சொல் அது. அங்கிருந்து பெரிய மனிதரைச் சுற்றிவரும் சிறிய மனிதருக்கு ஆகிவந்தது. தமிழில் அதே வாலுக்கு இரண்டு வேலை. 'வாலைக் குழைத்தல்' அடிமைத்தனம். 'என்னிடம் வாலாட்டாதே' என்றால் அது திமிர். ஆட்டினால் துடுக்கு, குழைத்தால் துதி. நாயை நம்மவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

சிக்கல் 'டோட் ஆன்' என்பதில் வந்தது. 'அவள் தன் மகன்மீது அளவுகடந்த அன்பு செலுத்தினாள்' என்று பாதி வகுப்பு எழுதியிருந்தது. இலக்கணப் பிழை இல்லை. விடைத்தாள் திருத்துபவர் மதிப்பெண் தருவார். ஆயினும் 'அன்பு செலுத்துதல்' என்னும் தொடரைக் காணும்போதெல்லாம் நமக்கு வரி செலுத்துமிடம்தான் நினைவுக்கு வருகிறது. வரி செலுத்தலாம், கட்டணம் செலுத்தலாம், வண்டி செலுத்தலாம். எந்தத் தாய் பிள்ளைக்கு அன்பைச் செலுத்தினாள்? இரசீது தருவார்களா?

அன்று வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, மிகை அன்புக்கும் மிகைப் புகழ்ச்சிக்கும் தமிழில் உள்ள வினைகளை எல்லோருமாக நிரப்பினோம். ஒருபுறம்: உருகுதல், கரைதல், நெகிழ்தல், சொக்குதல், பூரித்தல். மறுபுறம்: ஐஸ் வைத்தல், சோப்புப் போடுதல், ஜால்ரா அடித்தல், காக்கா பிடித்தல், சொம்பு தூக்குதல், கூழைக் கும்பிடு போடுதல். எழுதி முடித்துப் பார்த்தபோது நாமே எதிர்பாராத ஓர் ஒழுங்கு கண்ணில் பட்டது. முதற் பட்டியலில் உள்ளவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். உருகுகிறவன் எதையும் செய்வதில்லை. அவனுக்கு அது நேர்கிறது. இரண்டாம் பட்டியலில் உள்ளவை அத்தனையும் கைவேலை. வை, போடு, அடி, பிடி, தூக்கு. போதாக்குறைக்குக் கையில் ஒரு பொருளும் வேண்டும். கடையில் வாங்கியதாக இருந்தால் இன்னும் நல்லது. 'காக்கா பிடித்தல்' என்பது 'கால் கை பிடித்தல்' என்பதன் மரூஉ என்று சொல்வார்கள். அது மெய்யானால் அங்கே பொருள் வாங்கும் செலவுகூட இல்லை, பெரியவரின் காலே போதும்.

ஐஸ் வைத்தலுக்கு வயது அதிகமிருக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கொண்டுவந்து விற்ற காலத்தில், அதைச் சேமித்து வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி எத்தனை துரைமார்களின் தொண்டையைக் குளிர்வித்ததோ தெரியாது, தமிழுக்கு ஒரு வினையைக் கொடுத்துவிட்டுப் போனது. 'இச்சகம் பேசுதல்' 'முகமன் கூறுதல்' என்ற பழைய சொற்கள் இதன் குளிர்ச்சிக்கு முன்னே நிற்க முடியவில்லை.

விதிவிலக்குகளும் இருந்தன. குழைதல், இழைதல், வழிதல் ஆகியவை கைவேலை அல்ல; ஆனாலும் ஏளனச் சொற்கள். உருகுவது மதிப்பு, உருகியது வழிந்தால் இழிவு. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே இருப்பது அளவு மட்டுமே. 'பாராட்டு' இன்னொரு கதை. 'சீராட்டிப் பாராட்டி வளர்த்த பிள்ளை' என்னும் வழக்கில் இன்னும் உயிரோடிருக்கிற அந்தச் சொல், விழாவோடும் சான்றிதழோடும் சேர்ந்த பிறகு என்ன ஆயிற்று என்பதை, அந்தச் சான்றிதழ்களின் வாசகம் எழுதுபவராகிய நாமே சொன்னால் நன்றாயிராது.

அளவு என்று வந்துவிட்டால் தமிழில் உப்பைத் தவிர்க்க முடியாது. ஊடலை உப்புக்கு உவமித்து, அதைச் சற்றே நீட்டித்தாலும் உப்பு மிகுந்தது போலாகும் என்பது 1302ஆம் குறளின் கருத்து. காமத்துக்குச் சொன்னது அன்பு அனைத்துக்கும் ஆகும். ஆனால் மக்கள் வழக்கில் உப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு. துதிபாடியைப் பார்த்து ஊரார் என்ன கேட்கிறார்கள்? 'நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?' உப்பு என்றால் ரோஷம். சோற்றில் உப்பிருந்தால் முதுகெலும்பு நிமிர்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. ஆனால் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வதும் அதே வழக்குத்தான். ஒருவர் இட்ட உப்பைத் தின்றவன் அவரை மறக்கவும் கூடாது, அவருக்கு முன் வளையவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே எப்படி நடப்பது? வாழ்த்துமடல் எழுதுகிறவனின் கேள்வியும் இதுதான்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. வழக்கு நடந்த இடம் உப்பு விளைகிற இடமே. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் புகழ்வது, 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் இன்றும் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியின் பெயராக இருக்கிறது. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் மரக்காணம். நல்லியக்கோடனின் துறைமுகமாகிய எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவனுடைய கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. நம் மாணவர்களில் சிலர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பாட்டின் நிலம் இருக்கும்போது, அதைச் சுவருக்குள் உட்கார்ந்து நடத்துவது பாவம் என்று எண்ணி, ஒரு மாசி மாதத்தில் அவர்களோடு போய் வந்தோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் பாத்தி பாத்தியாக வானத்தைப் பரப்பி வைத்தது போல் உப்பளம் கிடக்கிறது. மேற்கே கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய சதுப்பு நிலம். மழை விட்டு, சேறு மிதித்துப் பாத்தி கட்டித் தொடங்கும் வேலை, மறுபடி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். விடிவதற்கு முன்னரே ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பின் மீது கண்ணை வைக்க முடியாது. அளவைப் பற்றி அங்கே ஒரு பெரியவர் சொன்ன பாடம் எந்த உரையாசிரியருக்கும் குறைந்ததல்ல. கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 3 டிகிரி. வெயில் குடிக்கக் குடிக்க நீர் செறிந்து 25 டிகிரி அளவில் உப்பு பூக்கத் தொடங்கும். அப்போது வாரிவிட வேண்டும். ஆசைப்பட்டு விட்டுவைத்தால், 30ஐ நெருங்கும்போது மக்னீசிய உப்புகளும் கூடவே இறங்கும். உப்பு கசக்கும், ஈரம் வாங்கிக் கசியும். 'போதும்னு தண்ணிய வெளிய விடத் தெரியணும் சார், அவந்தான் உப்புக்காரன்' என்றார். (அளம், அளவு, அளத்தல் என்று ஒலியொற்றுமையை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி நடத்தும் ஆசை எழுந்தது. அடக்கிக்கொண்டோம்.)

பாத்தி வரப்பில் நின்று சிறுபாணாற்றுப்படையில் அந்தப் பகுதியைச் சொன்னோம். பரிசில் பெற்று மீண்ட பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனிடம் தன் பழைய நிலையை விரிக்கும் பகுதி. கூரை கட்டிழந்து விழுகிறது. சுவரைக் கறையான் அரிக்கிறது. அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. அங்கே ஈன்று கிடக்கும் நாயிடம் கண் திறவாத குட்டிகள் பாலுக்கு முட்டுகின்றன. பாணன் வீட்டுப் பெண், பசியால் ஒடுங்கிய இடையள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். அதற்குப் போட உப்பு இல்லை. வெந்ததைச் சுற்றத்தோடு தின்னும் முன்னே எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறாள், புறம்பேசுகிற அறியாதவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று நாணி.

உப்பங்கழிகளுக்கு நடுவே பிறந்து, நெய்தலை அறிந்து பாடிய புலவர் அந்த அடுப்பில் ஒரு பிடி உப்பைப் போடாமல் விட்டிருக்கிறார். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பார்கள். இங்கே பண்டமே குப்பையிலிருந்து வந்தது. ஊர்வழக்கின்படி பார்த்தால் சோற்றில் உப்பில்லாதவளுக்கு ரோஷமும் இருக்கக் கூடாது. ஆனால் பாட்டு முழுவதிலும் ரோஷமுள்ள செயல் அவளுடையதுதான். அந்தக் கதவு சாத்தப்படும் ஓசை நமக்கு இன்னும் கேட்கிறது.

சரி, நத்தத்தனார் வைத்தது ஐஸா, இல்லையா? இதை வகுப்பில் எந்த ஆண்டும் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. பேகன், பாரி முதலிய வள்ளல்கள் எழுவரையும் வரிசையாகச் சொல்லி, அவர்கள் ஏழு பேர் இழுத்த கொடை நுகத்தைத் தனியொருவனாகத் தாங்குகிறான் நல்லியக்கோடன் என்கிறார் புலவர். ஒரு சிறு நாட்டின் தலைவனுக்கு இது அதிகம். நாம் எழுதும் 'கடல்'களுக்குச் சற்றும் குறையாத மிகை. யானையும் தேரும் வாங்கியவன் வாய் வேறெப்படிப் பேசும் என்று கேட்டால், விடை சொல்வது எளிதல்ல.

ஆயினும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. ஐஸ் வைப்பவன் ஒருநாளும் தன் அடுக்களையைக் காட்டமாட்டான். அவனுடைய பேச்சில் அவனே இருப்பதில்லை. பெரியவர் மட்டுமே இருப்பார். இந்தப் பாணன் தன் வீட்டு நாய்க்குட்டியின் பசியிலிருந்து தொடங்குகிறான். மனைவி மூடி வைத்த கதவைத் தானே திறந்து காட்டுகிறான். அதுவும் வள்ளலிடம் அல்ல, தன்னைப் போலவே பசித்து எதிரில் வரும் இன்னொருவனிடம். வள்ளல் அந்த இடத்தில் இல்லவே இல்லை. முகம் பார்த்துச் சொல்வது முகத்துதி. முதுகுக்குப் பின்னால், பசித்தவனுக்கு வழி சொல்லும்போது சொல்வதற்கு வேறு பெயர் வேண்டும். ஆற்றுப்படை என்ற அமைப்பையே இந்தச் சங்கடத்துக்காகக் கண்டுபிடித்தார்களோ என்றுகூட ஐயுறுகிறோம். (பாட்டு அரங்கேறும்போது நல்லியக்கோடன் முன்வரிசையில்தானே உட்கார்ந்திருப்பான் என்று ஒரு மாணவி கேட்டாள். கெட்டிக்காரி.)

எழுவருக்குள் முதலிருவர் செய்ததையும் பாருங்கள். மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர். இதைப் போற்றிய அதே மரபு இதற்கு வைத்த பெயர் 'கொடைமடம்'. பேகனைப் பற்றிப் பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (142) வரும் சொல் அது. கொடுப்பதில் அறிவை இழத்தல். நம் பயிற்சித்தாளின் 'டோட்' என்ற வினையும் இடைக்கால ஆங்கிலத்தில் அறிவு மயங்குதல் என்னும் பொருளில் வழங்கியதுதான். முதுமையில் புத்தி தடுமாறுவதற்கும் அதிலிருந்தே சொல் அமைந்தது. அன்பின் மிகுதியை மடமை என்று அழைக்க இரண்டு மொழிகளும் தனித்தனியே துணிந்திருக்கின்றன. நம் ஊரில் 'அவன்மேல் பைத்தியமா இருக்கா' என்கிறார்கள். 'டோட்' பைத்தியம், 'ஆன்' மேல். சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது. துதிபாடியை மட்டும் யாரும் மடையன் என்பதில்லை. அவன் கணக்குத் தெரிந்தவன்.

மாசிப் பயணத்துக்குப் பிறகு, அந்தப் பயிற்சித்தாளை எழுதாமல் வைத்திருந்த மாணவன் ஒருவன் துறைக்கு வந்தான். மரக்காணம் பக்கம், தாய் உப்பளத்தில் கூடை சுமக்கிறவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் இவன். 'எங்கம்மா என்னக் கொஞ்சினதே இல்லீங்க ஐயா. உதாரணம் சொல்லுன்னா எனக்கு என்னா எழுதறதுன்னு தெரியல' என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சற்று நேரங்கழித்துச் சொன்னான். பாத்தியிலிருந்து வருகிற அம்மாவின் உள்ளங்கை உப்புநீரில் வெடித்துக் கிடக்கும். சின்ன வயதில் அவள் கை முகத்தில் பட்டால் சொரசொரப்பும் எரிச்சலும் தாங்காமல் இவன் அழுவானாம். ஆகவே அவள் புறங்கையால் தடவப் பழகிக்கொண்டாள். இப்போது இவன் மீசை வைத்த ஆள். இன்றும் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பது புறங்கையால்தான், சாப்பாட்டுக்கு எழுப்புவதும் புறங்கையால்தான். 'அதெல்லாம் கொஞ்சறதுல வருங்களா?'

கரும்பலகையில் நாம் போட்ட இரண்டு பட்டியலிலும் இடமில்லாத கைவேலை அது. கையில் எந்தப் பொருளும் இல்லை. இருந்த உப்பையும் படாமல் திருப்பிக்கொண்ட கை. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது என்கிறோம்; அவள் தலையில் தூக்கி வைத்ததெல்லாம் ஈரம் சொட்டும் உப்புக் கூடை. மகனைக் கொண்டாட அவளுக்குத் தலையும் இல்லை, உள்ளங்கையும் இல்லை.

பயிற்சித்தாளில் அவன் கடைசியாக எழுதியது ஐந்து சொற்கள்: 'அந்த அம்மாவுக்கு மகன்மேல் உயிர். அவ்வளவுதான்.' வினையே இல்லாத வாக்கியம். வினைகளைக் கேட்ட பயிற்சியில் வினையில்லாத விடைக்கு முழு மதிப்பெண் தர விதியில்லை, தந்தோம். 'அவ்வளவுதான்' என்பதை மட்டும், மொழிபெயர்ப்பில் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பதற்காக, பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டுக் கொடுத்தோம். அவன் அதை அழிக்கவில்லை.

அடுத்த வகுப்பில் சிறுபாணாற்றுப்படையின் முற்பகுதிக்குப் போனோம். நத்தத்தனார் பாண்டியனின் கொற்கையைச் சொல்லும் இடம். உப்பு வணிகராகிய உமணர்களின் வண்டிகளோடு ஒரு பெண்குரங்கும் வந்திருக்கிறது. பெற்ற பிள்ளையைப் போல அதை வளர்க்கிறார்கள். அந்தக் குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு மூடி, உமணப் பெண்களின் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. விலை மிக்க கொற்கை முத்து, உப்பு விற்பவர்களின் குரங்குக்கு விளையாட்டுப் பொருள். பரிசில் நாடிப் போகும் பாட்டுக்கு இந்தக் குரங்கால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் புலவர் அங்கே நின்று, அதை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். மரக்காணத்து மாணவன் அன்று முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். 'முத்து உள்ள இருந்தா சத்தம் எப்படி வரும் ஐயா?' என்று கேட்டான். கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை, முத்துக்குப் பதில் கல்லுப்பைப் போட்டுப் பார் என்றோம்.